ஒரு நாளுக்கு ஒரு நிய்யத்



ரமலானுக்கு முந்திய ஷஅபான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் கோலசிலாங்கூர் மெலாவத்தி குன்றின் மேல் ஒரு கூட்டம் சேரும். சமய இலாகா அதிகாரிகள் வருவார்கள். வானியல் கணக்குத் தெரிந்தவர்கள் தொலைநோக்கிகளைக் கால்நாட்டி மேற்கே திருப்பி வைப்பார்கள். வேடிக்கை பார்க்க ஊர்க்காரர்களும் ஏறி வருவார்கள். பகலெல்லாம் சுற்றுலாப் பயணிகளின் கையிலிருந்து வாங்கித் தின்ற குரங்குகள் மரத்துக்குத் திரும்பும் நேரம் அது. கீழே அலையாத்திக் காடு, அதற்கப்பால் மலாக்கா நீரிணை. டச்சுக்காரர்கள் 1784இல் பிடித்து, அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிமிடம் இழந்த கோட்டை இந்தக் குன்றில்தான் இருக்கிறது. அன்று எதிரிக் கப்பலைத் தேடிய கண்கள் பார்த்த அதே திசையில் இன்று பிறையைத் தேடுகிறார்கள். சூரியன் கடலில் இறங்கியபின் பிறை தெரிந்தால், சில நிமிடங்கள்தான் தெரியும். தெரிந்ததா இல்லையா என்ற செய்தி இங்கிருந்து கோலாலம்பூருக்குப் போகும். நாடு முழுவதும் இப்படி இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் பார்க்கிறார்கள். அன்றிரவு ஆட்சியாளர்களின் முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் தோன்றி, நோன்பு எந்த நாளில் தொடங்குகிறது என்று அறிவிப்பார்.

2025ஆம் ஆண்டு நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை மாலை. மெலாவத்தி குன்றிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்திரா. அதன் வடகோடி அச்சே. அச்சேயில் பிறை தெரிந்தது என்று இந்தோனேசியா மார்ச் 1ஆம் தேதியே நோன்பைத் தொடங்கிவிட்டது. மலேசியாவில் பிறை தெரியவில்லை. இங்கே மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமைதான் முதல் நோன்பு. ஒரே நீரிணையின் இரு கரைகளில் இரு தொடக்கம். பிறை அடிவானத்துக்கு மேல் குறைந்தது 3 பாகை இருக்க வேண்டும், சூரியனிலிருந்து 6.4 பாகை விலகியிருக்க வேண்டும் என்று மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து வகுத்த கணக்கு ஒன்று உண்டு. கணக்கு இருந்தும் கடைசிப் பதில் அன்றைய மாலை வானத்திடம்தான் இருக்கிறது.

நாளைக்கு நோன்பா இல்லையா என்பது இன்று இரவுதான் உறுதியாகிறது. இதை ஒரு குறையாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நோன்பின் மொத்த அமைப்பும் இந்த ‘இன்று இரவு’ என்பதன் மேல்தான் நிற்கிறது. ரமலானில் தனக்கென்று ஓர் இலக்கு வைத்துக்கொள்ள நினைக்கிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. இந்த உரை பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி என்ற மார்க்கச் சட்ட வழியினர். தமிழ் முஸ்லிம்களில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்க்காரர்களும் அதே வழி, ராவுத்தர்கள் ஹனஃபி. ஷாஃபி வழியில் கடமையான நோன்புக்கு ஒவ்வோர் இரவும் தனித்தனியாக நிய்யத் வைக்க வேண்டும். ஃபஜ்ர் என்ற விடியல் தொழுகை நேரத்துக்கு முன்பே ‘நாளைய நோன்பை நோற்கிறேன்’ என்று மனத்தில் உறுதி கொள்ள வேண்டும். அதனால்தான் ரமலான் இரவுகளின் தராவீஹ் தொழுகை முடிந்ததும் கம்பத்துப் பள்ளிவாசல்களில் இமாம் நிய்யத்தைச் சொல்லிக்கொடுக்க, சின்னப் பிள்ளைகள் உட்பட எல்லாரும் சேர்ந்து சொல்கிறார்கள். மாலிகி வழியில் மாதம் முழுவதற்கும் ஒரே நிய்யத் போதும். மறதிக்கு அஞ்சி, முதல் இரவிலேயே முப்பது நாளுக்கும் சேர்த்து அந்த முறையிலும் ஒரு நிய்யத் வைத்துக்கொள்கிறவர்கள் மலேசியாவில் நிறையப் பேர். ஆனால் அதை வைத்தபிறகும் அடுத்த இரவு மறுபடியும் வைக்கிறார்கள். முப்பது நாளுக்கான பெரிய உறுதி ஒன்று, ஒரு நாளுக்கான சின்ன உறுதி ஒன்று. பாரத்தைத் தூக்குவது இரண்டாவதுதான்.

ஜனவரி முதல் தேதி எடுக்கிற புத்தாண்டுத் தீர்மானத்தில் இந்த இரண்டாவது உறுதி இல்லை. ஆண்டு முழுவதற்கும் ஒரே மூச்சில் எடுத்த தீர்மானம் இரண்டாம் வாரம் ஒரு நாள் தவறினால், ‘போச்சு, இனி அடுத்த வருஷம்’ என்று முடிந்துவிடுகிறது. நோன்பாளிக்கு அப்படி இல்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்து நோன்பு விட்டுப்போனால் ஆறாம் நாள் இரவு புதிய நிய்யத். விட்ட நாளைப் பிறகு களாவாக நிறைவேற்ற வேண்டும். நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. 2012 ஜூலையில் லண்டன் ஓவல் மைதானத்தில் கிரிக்கெட் வீரர் ஹாஷிம் ஆம்லா 311 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றபோது அது ரமலான் மாதம். தாம் பயணத்தில் இருப்பதால் நோன்பு வைக்கவில்லை, ஊர் திரும்பியதும் ஈடு செய்வேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். 1995 பிப்ரவரியில் ஹக்கீம் ஒலாஜுவான் நோன்பு நோற்றபடியே அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டிகளில் ஆடி, அந்த மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். இருவரும் பக்தியுள்ளவர்கள்தான். தன் உடம்பையும் சூழ்நிலையையும் நேர்மையாக அளந்து அதற்கேற்ப முடிவெடுப்பதும் நோன்பின் ஒரு பகுதிதான்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மலாய்க்காரர்கள் ‘புவாசா’ என்கிறார்கள். அது வடமொழி ‘உபவாச’த்திலிருந்து வந்தது. தமிழ் முஸ்லிம்கள் அரபுச் சொல்லான ‘ஸவ்ம்’ என்பதையோ, வட இந்தியாவில் வழங்கும் ‘ரோஜா’வையோ அன்றாடப் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. மார்கழியில் பாவை நோன்பு என்கிறோமே, அதே ‘நோன்பு’தான். நோற்றல் என்றால் பொறுத்தல், தாங்குதல். நோன்பு பிடிப்பது, நோன்பு திறப்பது, நோன்புக் கஞ்சி, நோன்புப் பெருநாள் என்று ஒரு மாதத்து வாழ்க்கை முழுவதையும் இந்தப் பழைய தமிழ்ச் சொல்லைக் கொண்டே கட்டியிருக்கிறார்கள்.

ஒரு நாளுக்கான அந்தச் சின்ன உறுதி உழைப்போடு எப்படிச் சேர்கிறது என்று பார்க்க, இனி தோட்டங்களுக்கு வருவோம்.

கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே போனால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அங்கேதான் தென்னமரம் தோட்டம். பெயரே தமிழ். பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே 1905இல் மலாயாவுக்கு வந்து, முதலில் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். பிறகு 1917இல் தென்னமரத்தில் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். பின்னாளில் அவர் மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. பரிசு அவருக்கு, காட்டை அழித்துக் கன்று நட்ட கைகளில் தமிழ்க் கைகள் எத்தனையோ.

அந்தத் தோட்டங்களில் தமிழ் முஸ்லிம்கள் ரப்பர்ப் பால் வெட்டியதைவிடக் கடை வைத்ததே அதிகம். ‘பாய் கடை’ இல்லாத தோட்டத்துச் சாலை அபூர்வம். ஆனால் நோன்பு எல்லார் கண்ணெதிரிலும் நடந்தது. கடைக்காரர் தண்ணீர்கூடக் குடிக்காமல் பற்று நோட்டில் கணக்கு எழுதுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். தைப்பூசக் காவடிக்காக விரதமிருந்த குடும்பங்களுக்கும், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய குடும்பங்களுக்கும் பட்டினியோடு வரும் கட்டுப்பாட்டை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘பசியாறியாச்சா?’ என்று கேட்பதுதான் தோட்டத்தில் நலம் விசாரிக்கும் முறை. ரமலானில் மட்டும் பாயிடம் அந்தக் கேள்வி வாய்வரை வந்தாலும் விழுங்கிக்கொள்வார்கள்.

பால்மரத் தோட்டத்து வேலை முறையிலேயே ஒரு பாடம் இருந்தது. விடியுமுன் பெரட்டு; பெயர் கூப்பிட்டதும் அவரவர் நிரைக்குப் போக வேண்டும். மரத்தில் பாலின் அழுத்தம் அதிகாலையில்தான் அதிகம். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால் ஒரு தொழிலாளிக்கு அன்றைக்கு இத்தனை மரம் என்று நானூறு, ஐந்நூறு மரங்கள் ஒதுக்குவார்கள். தோட்டம் ஆயிரம் ஏக்கர் இருக்கலாம். பால் வெட்டுகிறவருக்கு அந்த ஆயிரம் ஏக்கரைப் பற்றிக் கவலையில்லை. அவருடைய கவலை அன்றைய நிரை, அடுத்த மரம், பட்டையில் காயம் படாமல் ஒரு மெல்லிய சீவல். மழை பெய்தால் அன்று வெட்டு கிடையாது. மறுநாள் பெரட்டில் மறுபடி நிற்பார். நிய்யத்தின் கணக்கும் இதுதான். முப்பது நாளையும் ஒரே நாளில் சுமக்கிறவர் பத்தாம் நாள் களைத்துவிடுவார்.

இப்போது பால்மரம் குறைந்து செம்பனை நிறைந்துவிட்டது. தமிழர்கள் தோட்டத்தைவிட்டு நகரத்துக்கும் தாமான்களுக்கும் போய்விட்டார்கள். குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். அதனால், முன்பு கடைவாசலில் இருந்த நோன்பு இப்போது மரத்தடிக்கு வந்துவிட்டது.

செம்பனை வெட்டுகிறவரின் ரமலான் நாளைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்க வேண்டும். விடியுமுன் உண்ணும் சஹருக்கு நாலரை மணிக்கெல்லாம் எழுந்தாக வேண்டும். சோறு, முட்டை, இரண்டு மூன்று கோப்பைத் தண்ணீர். ஆறு மணியை ஒட்டி ஃபஜ்ர். வெளிச்சம் வந்ததும் தோளில் நீண்ட அலுமினியக் கம்பு, அதன் நுனியில் அரிவாள். மரம் உயரமானால் கம்பும் நீளும். தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்து நோக, குலைக்குக் கீழே இருக்கிற மட்டையை முதலில் அறுக்க வேண்டும், பிறகு காம்பை. குலை விழும் ஓசை வயிற்றில் கேட்கும். ஒரு குலை பதினைந்து, இருபது கிலோ, சில மரங்களில் அதற்கும் மேல். அதைக் குத்தித் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டு, சிதறிய பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாதையோரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெட்டிய குலை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே மரத்துக்கு வந்தாக வேண்டும். பழுத்த குலை ரமலானுக்காகக் காத்திருக்காது. ஆகவே அந்த மாதத்தில் அவர் மாற்றக்கூடியது நேரத்தை மட்டும்தான். விடிந்ததும் தொடங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் கடினமான வெட்டை முடித்துவிடுவார். மாலையில் அவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் அது சோம்பல் அல்ல. பதின்மூன்றரை மணி நேர நோன்பை எப்படிப் பங்கிடுவது என்ற கணக்கு.

இந்தத் தொழிலாளிக்கு மார்க்கச் சட்டம் சொல்லும் வழி மிகவும் நுட்பமானது. கடின வேலை இருக்கிறது என்பதற்காக நோன்பை முன்கூட்டியே விட்டுவிடக் கூடாது. இரவில் நிய்யத் வைத்து, சஹர் உண்டு, நோன்போடு வேலைக்குப் போக வேண்டும். போன இடத்தில் தாங்க முடியாத நிலை வந்து, உடம்புக்குக் கேடு என்று அஞ்சினால் அப்போது நோன்பை விடலாம். பிறகு களா செய்ய வேண்டும். மலேசிய முஃப்திகளும் இப்படித்தான் விளக்குகிறார்கள். முயற்சியைக் கட்டாயமாக்கி, தோல்விக்கு இடம் வைத்திருக்கிற சட்டம் இது. இலக்கு வைப்பதைப் பற்றிப் பேசுகிற எத்தனையோ புத்தகங்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை இது இரண்டே வரியில் சொல்லிவிடுகிறது. தோட்ட நிர்வாகிகளும் தண்டல்மாரும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ரமலானில் பெரட்டை அரை மணி முன்னே வைப்பது சலுகை அல்ல, நியாயம். அரசு அலுவலகங்களில் முஸ்லிம் ஊழியர் மாலையில் அரை மணி முன்னதாகப் புறப்பட அனுமதி உண்டு. அலுவலகத்து நாற்காலிக்குக் கிடைப்பது செம்பனைக் காட்டுக்கும் கிடைக்கலாமே.

கோலசிலாங்கூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே நோன்பின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. இஸ்லாமிய ஆண்டு 354 நாள். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்து, முப்பத்துமூன்று ஆண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். கோடையில் ரமலான் வந்தால் நார்வேயில் இருக்கிறவர் இருபது மணி நேரம்வரை பசி தாங்க வேண்டியிருக்கும்; இங்கே என்றும் ஏறக்குறைய பதின்மூன்றரை மணிதான். மாறியது கடிகாரம்தான். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா நேரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அதற்கு முன் ஏழு மணிக்குள்ளேயே நோன்பு திறந்த மாதங்கள் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆகவே, போன ஆண்டு வைத்த இலக்கையும் இந்த ஆண்டு வைக்கும் இலக்கையும் ஒரே படியால் அளக்கலாம். வெயிலையோ பகலின் நீளத்தையோ காரணம் சொல்ல முடியாத ஊர் இது.

சரி, எந்த இலக்கு?

குர்ஆனை ஒருமுறை ஓதி முடிப்பது பலர் வைக்கும் முதல் இலக்கு. பரவலாகப் புழங்கும் மதீனா அச்சுப் பிரதியில் 604 பக்கங்கள், முப்பது ஜுஸு, அதாவது பாகங்கள். ஐந்து வேளைத் தொழுகைக்குப் பிறகும் நான்கு நான்கு பக்கம் என்றால் ஒரு நாளைக்கு இருபது பக்கம். முப்பது நாளில் ஏறக்குறைய முழுவதும் முடிந்துவிடும். ‘ஒரு நாளைக்கு ஒரு ஜுஸு’ என்று சொன்னால் மலைப்பாக இருக்கும். ‘தொழுத பாயை மடிக்குமுன் நான்கு பக்கம்’ என்றால் கைக்கு எட்டுகிறது. எப்போது, எங்கே என்று முன்கூட்டியே குறித்துவைத்த செயல் நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999இல் எழுதினார்; தொழுகைப் பாயில் உட்கார்ந்து நான்கு பக்கம் ஓதும் பாட்டிமாருக்கு அது புதுச் செய்தி அல்ல. பொருள் தெரிந்து படிக்க விரும்புகிறவருக்குக் காரைக்கால் ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியின் மொழிபெயர்ப்பு 1940களிலிருந்தே தமிழில் இருக்கிறது. ஓதி முடிக்க முடியாதவர், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் தமிழில் படிப்பதை இலக்காக வைத்துக்கொண்டால் அதுவும் பெரிய காரியம்தான்.

இரண்டாவது, சிகரெட். கம்பத்திலும் தோட்டத்திலும் ஆண்களை விடாமல் பிடித்திருக்கிற பழக்கம் இது. மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு 1995லேயே புகைப்பதைத் தடை செய்யப்பட்டது என்று அறிவித்துவிட்டது. உணவகங்களில் 2019 முதல் தடை. இவை எதுவும் சாதிக்காததை ரமலான் ஒவ்வொரு நாளும் சாதிக்கிறது: பதின்மூன்றரை மணி நேரம் ஒரு சிகரெட்கூட இல்லை. நிகோட்டின் இரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். விட்டவரைத் தவிக்கவைக்கும் எரிச்சலும் தலைவலியும் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கத் தொடங்கும். அந்தத் தவிப்பின் தொடக்கத்தை நோன்பாளி ஒவ்வொரு பகலும் எப்படியும் பட்டுவிடுகிறார். பேரீச்சம்பழத்தைக் கடித்த கையோடு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, பகலெல்லாம் சேர்த்ததைக் கரைத்துவிடுவதுதான் வருத்தம். இவர் வைக்க வேண்டிய நிய்யத், ‘இனி ஆயுளுக்கும் தொடமாட்டேன்’ என்பதல்ல. ‘இன்று மஃக்ரிபிலிருந்து இஷாவரை தொடமாட்டேன்.’ மாலைத் தொழுகைக்கும் இரவுத் தொழுகைக்கும் இடையே ஒன்றரை மணிக்கும் குறைவான நேரம். அதைத் தாண்டினால் தராவீஹ் வந்துவிடும்; அதையும் தாண்டினால் தூக்கம்.

மூன்றாவது, வயிறு. இமாம் கஸ்ஸாலி பதினோராம் நூற்றாண்டில் நோன்பை மூன்று படிகளாகப் பிரித்தார். உணவையும் உடலிச்சையையும் மட்டும் அடக்குவது பொதுமக்கள் நோன்பு. கண், நாக்கு, செவி, கை, கால் எல்லாம் தீமையிலிருந்து விலகி நிற்பது அதற்கு மேற்பட்டது. உள்ளம் இறைவனைத் தவிர வேறெதிலும் திரும்பாதிருப்பது உச்சம். இரண்டாம் படிக்கு அவர் விதித்த நிபந்தனைகளில் ஒன்று ரமலான் பசாரில் எழுதி ஒட்டத் தகுந்தது: நோன்பு திறக்கும்போது, அனுமதிக்கப்பட்ட உணவாக இருந்தாலும் வயிறு புடைக்கத் தின்னக் கூடாது. பகலில் விட்டதை இரவில் வட்டியோடு வாங்கிக்கொண்டால் நோன்பின் நோக்கமே போய்விடுகிறது என்பது அவர் கருத்து. மலேசியாவில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 17,000 டன் உணவு குப்பைக்குப் போகிறது, ரமலானில் அது இன்னும் கூடுகிறது என்று திடக்கழிவுத் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மார்டி என்ற வேளாண் ஆய்வு நிறுவனத்தின் முயற்சியில் பசார்களில் விற்காமல் மீந்த உணவைச் சேகரித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் திட்டமும் நடந்து வருகிறது. நல்ல வேலை. ஆனால் ஐந்து மணிப் பசியில் பசாருக்குள் நுழைந்து, கண்ணில் பட்டதையெல்லாம் பொட்டலம் கட்டுகிற கையைக் கட்டுவது அவரவர் நிய்யத்தின் வேலை.

வயிற்றைப் பற்றிப் பேசிவிட்டுக் கஞ்சியைச் சொல்லாமல் போக முடியாது. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் கொல்லையில் அடுப்பு எரியத் தொடங்கும். கிடாரத்தில் நெய்யோ எண்ணெயோ காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலம். பிறகு வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, கொத்துக்கறி, பாண்டான் இலை. ஊறிய அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் ஒரு கை வெந்தயமும் விழுந்தபின் வேலை துடுப்புக்கு. அடி பிடிக்காமல் இரண்டு பேர் மாறி மாறிக் கிண்ட வேண்டும். கிண்டுகிறவரும் நோன்பாளி, உப்புச் சரியா என்று நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவார். கடைசியில் தேங்காய்ப் பால். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வரிசை நிற்கும். தூக்குச்சட்டியோடு நிற்கிற பிள்ளையிடம் ‘நீ எந்தச் சாமி கும்பிடுகிறாய்’ என்று யாரும் கேட்பதில்லை. கோலாலம்பூர் கம்போங் பாரு பள்ளிவாசலில் இதுவே மலாய்ச் சுவையில் ‘புபூர் லம்புக்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோருக்குப் போகிறது. தமிழ்நாட்டில் நோன்புக் கஞ்சிக்கென்றே அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் அரிசி கொடுக்கிறது. ஒருவருடைய இலக்கு அவர் மட்டும் மெலிந்து நலமாவதோடு நின்றுவிடாமல் இருக்க, ஒரு நாளாவது துடுப்பைப் பிடிக்க வேண்டும். பெருநாளுக்கு முன் கொடுக்கும் ஃபித்ரா தருமமும் தலைக்கு இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட அரிசியின் கணக்குத்தான். தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு அந்த அளவின் பொருள் சொல்லாமலே புரியும்.

முப்பது நாள் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுச் செயல் தானாக வரும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு எட்டு மாதம்வரை. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. ஆகவே பெருநாள் பிறையோடு இலக்கை மூட்டை கட்டிவிட்டால் பாதி வழியில் இறங்கிவிட்டதாகத்தான் ஆகும். மார்க்கம் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. ரமலானை அடுத்த ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பு, பிறகு விரும்பியவர்களுக்குத் திங்கள், வியாழன் நோன்புகள். புதுச்சட்டையும் ரெண்டாங்கும் லெமாங்கும் முடிந்த வாரத்தில் மறுபடியும் நாலரை மணிக்கு எழுவது முதல் ரமலான் நாளைவிடக் கடினம். யார் நிலைக்கிறார்கள் என்று தெரிவது அந்த ஆறு நாளில்தான்.

கடைசியாக, இலக்கு என்று யாரும் எண்ணாத ஓர் இலக்கு: உடம்பைச் சோதித்துக்கொள்வது. 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு. இந்தியர்களிடையே அது மற்றவர்களைவிட அதிகம் என்பதை இங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் அறியும். மலேசியா உட்பட 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளிடம் 2001இல் நடத்திய எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஐந்தில் நால்வர் ரமலானில் குறைந்தது பதினைந்து நாள் நோன்பு வைத்தது தெரிந்தது. அவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தாகக் குறைந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு. எல்லாரும் நோன்பை விட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். மாத்திரை நேரத்தையும் இன்சுலின் அளவையும் முன்கூட்டியே மாற்றினால் பலரால் பத்திரமாக நோற்க முடியும். யாரால் முடியாது என்பதும் முன்னாலேயே தெரிந்துவிடும். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினாலும் 16.6க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை முடித்துவிட வேண்டும் என்கிறது உலக நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமலான் வழிகாட்டி. விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது. தைப்பூசத்துக்கும் புரட்டாசிச் சனிக்கும் விரதமிருக்கிற வீட்டுப் பெரியவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆகவே அடுத்த ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு, மெலாவத்தி குன்றில் தொலைநோக்கி ஏறுவதற்கு வெகு முன்னதாகவே, வீட்டில் நீரிழிவு உள்ளவரை அழைத்துக்கொண்டு அரசுச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ‘நோன்பு வைக்கப் போகிறேன், மருந்தை எப்படி மாற்றுவது?’ என்று கேளுங்கள். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி.